மைட்டோகாண்டிரியா உட்சவ்வு மாதிரி: பெல்ட்டைக் கழற்றிய பிறகே பாடம் தொடங்குகிறது

11ஆம் வகுப்புத் தாவரவியலில் சுவாசித்தல் பாடத்தை நடத்தும் ஒவ்வோர் ஆண்டும், உணவிலிருந்து எடுத்த எலக்ட்ரான்களைப் புரதங்கள் கைமாற்றிக் கடைசியில் ஆக்ஸிஜனிடம் சேர்க்கும் எலக்ட்ரான் கடத்துச் சங்கிலி வரும் பக்கத்தில் வகுப்பு திடீரென்று அமைதியாகிவிடும். கரும்பலகைக்கு முன்னால் பதினேழு ஆண்டுகள் நின்றுவிட்ட எனக்கு, அது புரியாதபோது விழும் அமைதி என்று நன்றாகவே தெரியும். குளுக்கோஸைச் சிதைக்கும் முந்தைய படிகளான கிளைக்காலிஸிஸையும் கிரெப்ஸ் சுழற்சியையும் மாணவர்கள் எப்படியோ எழுதிப் பார்த்து மனத்தில் நிறுத்திக்கொள்கிறார்கள். ஆனால் அவ்விரண்டிலும் நேரடியாகக் கிடைக்கும் ஏடிபி, அதாவது செல் செலவழிக்கும் ஆற்றல் நாணயம், மிகச் சொற்பம். உண்ட சோற்றின் ஆற்றலில் பெரும்பகுதி உருமாறுவது இந்தச் சங்கிலியில்தான் என்னும்போது, அதையே புரியாமல் கடந்துபோவது எனக்குப் பல ஆண்டுகளாக உறுத்திக்கொண்டிருந்தது. அதனால் இந்தக் கல்வியாண்டின் தொடக்கத்தில் பாரிமுனையில் ஆய்வகப் பொருள்கள் விற்கும் கடை ஒன்றில், செல்லின் ஆற்றல் நிலையமான மைட்டோகாண்டிரியாவில் இந்தச் சங்கிலி பதிந்திருக்கும் உட்சவ்வைக் காட்டும் மேசை மாதிரி ஒன்றை 3,850 ரூபாய்க்கு வாங்கினேன். பணம் பெற்றோர் ஆசிரியர் கழகத்தினுடையது. ஆகவே அது சரியாகச் செலவானதா என்று சொல்லும் கடமையும் எனக்கு உண்டு. வடசென்னையில் உள்ள எங்கள் பள்ளியில் இரண்டு பிரிவுகளுக்கு மூன்று வாரங்கள் பயன்படுத்திய பிறகு இதை எழுதுகிறேன். இதே மாதிரி வெவ்வேறு பெயர்ச்சீட்டுகளுடன் பல கடைகளில் கிடைப்பதால், கடையின் பெயரோ தயாரிப்பாளரின் பெயரோ இங்கே தேவைப்படவில்லை.

மாதிரியின் அமைப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். இரண்டரை அடி நீளமுள்ள மரப்பலகையின் மேல், உட்சவ்வைக் குறிக்கும் வகையில் இரண்டு வரிசை வெள்ளை உருண்டைகள் நெருக்கமாகப் பதிக்கப்பட்டிருக்கின்றன. அவற்றின் இடையே நான்கு புரதக் கூட்டமைப்புகளும், வலக்கோடியில் ஏடிபியை உருவாக்கும் ஏடிபி சின்தேஸ் நொதியும் வண்ணம் தீட்டிய ஃபைபர் வார்ப்புகளாக நிற்கின்றன. உருண்டைகளுக்கு மேலே இருப்பது, வெளிச்சவ்வுக்கும் உட்சவ்வுக்கும் இடையிலான சவ்விடைவெளி. கீழே இருப்பது உட்பகுதியான மேட்ரிக்ஸ். இடப்பக்கத்தில் உள்ள கைப்பிடியைச் சுற்றினால், எலக்ட்ரான்களாகிய சிறிய பித்தளை மணிகள் ஒரு காடி வழியாக நகர்ந்து, நான்காம் கூட்டமைப்பில் ‘ஆக்ஸிஜன்’ என்று எழுதிய கிண்ணத்தில் போய் விழுகின்றன. அதே கைப்பிடியிலிருந்து பலகைக்கு அடியில் ஓடும் ரப்பர் பெல்ட் ஒன்று ஏடிபி சின்தேஸின் அச்சைச் சுழற்றுகிறது. புரோட்டான்களாக, அதாவது ஹைட்ரஜன் அயனிகளாக, வைத்துக்கொள்ள ஒரு பையில் சிவப்புக் கோலிக்குண்டுகள் 40 தந்திருக்கிறார்கள்.

இந்த மாதிரியைச் செய்தவர் பாடத்தை அறிந்தவர் என்பதற்குச் சான்று, எலக்ட்ரான்களைச் சுமக்கும் துண்டுகளில் இருக்கிறது. சவ்வுக்குள்ளேயே நகரும் யுபிகுவினோனை மஞ்சள் நிற வழுக்குத் துண்டாகச் செய்து, அதில் இரண்டு மணிகளுக்கு இரண்டு குழிகள் வைத்திருக்கிறார்கள். சவ்வின் வெளிமுகத்தில், சவ்விடைவெளியை ஒட்டி நகரும் சைட்டோகுரோம் சி ஒரு சிவப்புக் குமிழ்; அதில் ஒரே ஒரு குழி. எனவே யுபிகுவினோன் இரண்டு மணிகளோடு மூன்றாம் கூட்டமைப்பை வந்தடைந்ததும், சைட்டோகுரோம் சி இரண்டு நடை நடந்துதான் அவற்றைக் கொண்டுபோக முடிகிறது. நான் ஒரு வார்த்தையும் சொல்லாமலேயே, “இது ஒண்ணு ஒண்ணாத்தான் தூக்குது மிஸ்” என்று முதல் வரிசை மாணவி ஒருத்தி கண்டுபிடித்துச் சொன்னாள். பாடநூலில் இது ஒரு வரி. எந்த மாணவரும் நினைவில் வைத்துக்கொள்ளாத வரி. சிவப்பு நிறமும் பொருத்தமானது. சைட்டோகுரோம்களில் இருப்பது குருதிச் சிவப்பணுக்களில் உள்ளது போன்ற ஹீம் தொகுதி. 1925இல் டேவிட் கெய்லின் இவற்றை அடையாளம் கண்டதே, பூச்சிகளின் பறக்கும் தசை போன்ற உயிருள்ள திசுக்களில் இந்த நிறமிகளின் ஒளி உட்கவர் பட்டைகள் தோன்றி மறைவதைப் பார்த்துத்தான்.

ஆக்ஸிஜன் கிண்ணமும் அப்படியே. அதில் நான்கு மணிகள் சேர்ந்தால்தான் அது கவிழ்ந்து, நீர் என்று எழுதிய இரண்டு நீலத் துண்டுகளை வெளியே தள்ளுகிறது. மூன்று மணிகளோடு அது அசையாது. ஓர் ஆக்ஸிஜன் மூலக்கூறு இரண்டு நீர் மூலக்கூறுகளாவதற்கு நான்கு எலக்ட்ரான்கள் தேவை என்பதையும், பாதி வழியில் நழுவும் ஆக்ஸிஜன் செல்லுக்குத் தீங்கு செய்யும் என்பதால் நான்காம் கூட்டமைப்பு அதைக் கடைசிவரை விடாமல் பிடித்துக்கொள்கிறது என்பதையும் இதைவிட அழகாகக் காட்ட முடியாது. இந்த ஒரு கிண்ணத்துக்காகவே விலையில் பாதியைத் தரலாம்.

இத்தனை நுணுக்கத்தோடு செய்தவர்கள் அந்தப் பெல்ட்டை ஏன் மாட்டினார்கள் என்பதே என் மனத்தாங்கல். கைப்பிடியைச் சுற்றினால் எலக்ட்ரான்கள் ஓடுகின்றன, அதே சுற்றில் ஏடிபி சின்தேஸும் சுழல்கிறது. பார்ப்பவர் மனத்தில் என்ன பதியும்? எலக்ட்ரான் ஓட்டமும் ஏடிபி உருவாக்கமும் ஒரே இயந்திரத்தின் இரண்டு பற்சக்கரங்கள் என்றுதானே பதியும்? சுமார் இருபது ஆண்டுக் காலம் உலகின் சிறந்த உயிர்வேதியியலாளர்களைத் திசைதிருப்பிய பிழையும் ஏறக்குறைய இதுவேதான்.

1940களிலும் 50களிலும் இந்தத் துறையில் உழைத்தவர்கள், எலக்ட்ரான் ஓட்டத்தையும் ஏடிபியையும் நேரடியாக இணைக்கும் ஆற்றல் மிகுந்த வேதிப்பொருள் ஒன்று இருந்தே தீர வேண்டும் என்று நம்பி, அதை ஆய்வகம் ஆய்வகமாகத் தேடினார்கள். அது அகப்படவே இல்லை. 1961இல் பீட்டர் மிட்செல் என்ற ஆங்கிலேயர், அப்படி ஒரு பொருளே கிடையாது என்றார். சங்கிலி செய்யும் வேலை புரோட்டான்களைச் சவ்வின் ஒரு பக்கத்திலிருந்து மறுபக்கத்துக்கு ஏற்றுவது மட்டுமே. ஏடிபி சின்தேஸ் செய்வது, அந்தப் புரோட்டான்கள் திரும்பி இறங்கும் வேகத்தைப் பயன்படுத்திக்கொள்வது மட்டுமே. இரண்டையும் இணைப்பது சவ்வின் இருபுறமும் உள்ள வேறுபாடுதான் என்பது அவருடைய கருத்து. பலர் அதை ஏற்கவில்லை. பின்னர் அவர் இங்கிலாந்தின் கார்ன்வால் பகுதியில் ஒரு பழைய மாளிகையைச் சீர்செய்து ஆய்வகமாக்கி, ஜெனிஃபர் மாய்ல் என்ற அறிவியலாளரோடு சேர்ந்து அளவிட்டுக் காட்டிக்கொண்டே இருந்தார். 1978இல் வேதியியல் நோபல் பரிசு அவர் ஒருவருக்கே வழங்கப்பட்டது. அன்று எவருக்கும் அகப்படாத அந்த இடைப்பொருள்தான் இந்த மாதிரியில் ரப்பர் பெல்ட்டாக வந்து உட்கார்ந்திருக்கிறது.

முதல் நாள் பெல்ட்டோடு நடத்தினேன், மாணவர்கள் தலையாட்டினார்கள். மறுநாள் பலகையின் அடியில் இருந்த நான்கு திருகாணிகளைக் கழற்றி, பெல்ட்டை எடுத்து மேசை இழுப்பறையில் போட்டுவிட்டு மீண்டும் தொடங்கினேன். இப்போது கைப்பிடியைச் சுற்றினால் மணிகள் மட்டும் ஓடின. ஏடிபி சின்தேஸ் அசையவில்லை. “அப்புறம் அது எப்படி மிஸ் சுத்தும்?” என்ற கேள்வி உடனே வந்தது. பாடம் அந்தக் கேள்வியில்தான் தொடங்கியது.

சென்னையில் வளரும் பிள்ளைக்கு இதற்கு உவமை தேடி எங்கும் போக வேண்டியதில்லை. வீட்டுக்கு அடியில் சம்ப், மாடியில் தொட்டி, நடுவில் மோட்டார். மெட்ரோ வாட்டர் லாரி வந்து சம்ப்பை நிரப்பினாலும் மோட்டார் போட்டு மேலே ஏற்றாவிட்டால் குழாயில் தண்ணீர் வராது என்பது ஏழு வயதிலேயே அவர்களுக்குத் தெரியும். எலக்ட்ரான் ஓட்டம் என்பது மோட்டாருக்கு வரும் மின்சாரம். புரோட்டான் என்பது தண்ணீர். சவ்விடைவெளி மாடித் தொட்டி. ஏடிபி சின்தேஸ் கீழே திறந்திருக்கும் குழாயில் பொருத்திய சக்கரம். மோட்டாருக்கும் குழாய்க்கும் இடையே பெல்ட் எதுவும் ஓடுவதில்லை. மேலே ஏறிய தண்ணீரின் உயரம்தான் இரண்டையும் இணைக்கிறது. உணவின் எலக்ட்ரான்களைச் சங்கிலிக்குச் சுமந்துவரும் ஓர் என்ஏடிஎச் மூலக்கூறு தரும் எலக்ட்ரான் இணை சங்கிலியைக் கடக்கும்போது முதல் கூட்டமைப்பு 4, மூன்றாவது 4, நான்காவது 2 எனப் பத்துப் புரோட்டான்கள் ஏற்றப்படுகின்றன என்பதைச் சொல்லிவிட்டு, கைப்பிடியை ஒரு மாணவனும் கோலிக்குண்டுகளை இன்னொருத்தியுமாகக் கவனித்துக்கொள்ளச் செய்தேன். இரண்டு மணிகள் கடந்தால் பத்துக் குண்டுகள் மேலே போக வேண்டும். நான்காவது நடை முடிவதற்குள் மேலே இருந்த தட்டு நிரம்பி, குண்டுகள் விளிம்பில் ஆடத் தொடங்கின.

இந்த இடத்தில் மாதிரி காட்ட முடியாத ஒன்றை ஆசிரியர் வாயால் சொல்லியே ஆக வேண்டும். சவ்வின் இருபுறமும் உள்ள மின்னழுத்த வேறுபாடு சுமார் 150 முதல் 180 மில்லிவோல்ட்தான். ஒரு டார்ச் பேட்டரியில் பத்தில் ஒரு பங்கு என்று அலட்சியமாகத் தோன்றும். ஆனால் அந்தச் சவ்வின் தடிமன் ஐந்தாறு நானோமீட்டர். அந்த இடைவெளிக்குள் அந்த அழுத்தம் என்றால், மீட்டருக்கு ஏறத்தாழ மூன்று கோடி வோல்ட் என்று கணக்கு வரும். இடி இறங்கும் மேகத்தில் காண்பதைவிடக் கடுமையான மின்புலம் அது. அதை நம் ஒவ்வொரு மைட்டோகாண்டிரியாவும் தாங்கிக்கொண்டிருக்கிறது என்று சொன்னபோது, ஒரு மாணவன் தன் புறங்கையைத் திருப்பிப் பார்த்தான்.

அன்று கடைசி வரிசையிலிருந்து வந்த கேள்வி இந்த மூன்று வாரங்களில் எனக்குக் கிடைத்த பெரிய பரிசு. “மோட்டாரை நிறுத்தினாலும் தொட்டியில இருக்கிற வரைக்கும் தண்ணி வருமே மிஸ், அப்ப எலக்ட்ரானே ஓடலைன்னாலும் கொஞ்ச நேரம் ஏடிபி வருமா?” 1966இல் ஆண்ட்ரே ஜேகன்டார்ஃபும் எர்னெஸ்ட் உரிபேயும் ஆய்வகத்தில் கேட்டது இதே கேள்விதான். அவர்கள் பசுங்கணிகங்களை எடுத்து, இருட்டில், பிஎச் 4 அளவுள்ள அமிலக் கரைசலில் ஊறவைத்து உள்ளே புரோட்டான்களை நிரப்பினார்கள். பிறகு சட்டென்று பிஎச் 8 அளவுள்ள கரைசலுக்கு மாற்றினார்கள். ஒளி இல்லை, எலக்ட்ரான் ஓட்டமும் இல்லை. ஆனாலும் ஏடிபி உருவானது. அதற்கு எட்டு ஆண்டுகள் கழித்து, எஃப்ரைம் ராக்கரும் வால்தர் ஸ்டோக்கேனியஸும் ஒளிபட்டால் புரோட்டானை ஏற்றும் நுண்ணுயிர்ப் புரதம் ஒன்றையும், மாட்டின் இதயத்திலிருந்து எடுத்த ஏடிபி சின்தேஸையும் ஒரே செயற்கைக் கொழுப்புக் குமிழில் பதித்து ஒளியைப் பாய்ச்சினார்கள். ஒன்றையொன்று கண்டறியாத இரண்டு உயிர்களின் புரதங்கள், நடுவே எந்தப் பற்சக்கரமும் இல்லாமல், சேர்ந்து ஏடிபி செய்தன. பெல்ட் மாட்டிய மாதிரியை வைத்துக்கொண்டு அந்த மாணவன் இந்தக் கேள்வியைக் கேட்டிருக்கவே முடியாது.

அடுத்த குறை இரண்டாம் கூட்டமைப்பின் மேல் வரைந்துள்ள அம்புக்குறி. மற்ற மூன்றைப் போல அதிலிருந்தும் புரோட்டான் மேலே போவதாகக் காட்டியிருக்கிறார்கள். அது தவறு, இரண்டாம் கூட்டமைப்பு ஒரு புரோட்டானைக்கூட ஏற்றுவதில்லை. காரணமும் எளிது. என்ஏடிஎச்-இலிருந்து ஆக்ஸிஜன் வரை எலக்ட்ரான் இறங்கும் மொத்த உயரம் சுமார் 1.14 வோல்ட். முதல், மூன்றாம், நான்காம் கூட்டமைப்புகளில் அது நல்ல படிகளாக இறங்குகிறது. இரண்டாம் கூட்டமைப்புக்கு எலக்ட்ரான் தரும் சக்சினேட்டிலிருந்து யுபிகுவினோனுக்கோ உயர வேறுபாடு இல்லை என்றே சொல்லிவிடலாம். விழாத நீரால் எந்தச் சக்கரத்தைச் சுற்ற முடியும்? மாதிரியில் மணிகள் ஓடும் காடி ஒரே மட்டத்தில் கிடப்பதால் இந்த இறக்கம் கண்ணுக்குப் படுவதே இல்லை. நான் இடப்பக்கத்தின் அடியில் இரண்டு கணக்கு நோட்டுகளை வைத்து உயர்த்தினேன். கைப்பிடியைத் தொடாமலேயே மணிகள் தாமாக உருண்டன. எலக்ட்ரானை யாரும் தள்ளுவதில்லை, ஆக்ஸிஜன் தன்னிடம் இழுத்துக்கொள்கிறது என்பதைச் சொல்ல அதுவே போதுமானதாக இருந்தது. தவறான அம்புக்குறியின் மேல் வெள்ளை வண்ணம் பூசிவிட்டேன்.

ஏடிபி சின்தேஸ் வார்ப்பைப் பற்றி மனநிறைவோடு எழுதலாம். நடு அச்சு நேராக இல்லாமல் சற்றே கோணலாக இருக்கிறது. அது சுழலும்போது தலைப்பகுதியின் மூன்று மடல்களை ஒவ்வொன்றாக உட்புறமிருந்து அழுத்துகிறது, மடல்கள் திறந்து, தளர்ந்து, இறுகி மாறுகின்றன. இந்த நொதியை ஆராய்ந்த உயிர்வேதியியலாளர் பால் போயர் கருதியது இதைத்தான்: ஏடிபி உருவாவதற்கு அல்ல, உருவான ஏடிபியை இறுகிய மடலிலிருந்து விடுவிப்பதற்கே பெரும்பாலான ஆற்றல் செலவாகிறது. ஜான் வாக்கரின் குழு 1994இல் மாட்டின் இதய நொதியின் வடிவத்தை வெளியிட்டபோது மூன்று மடல்களும் மூன்று வேறு நிலைகளில் இருந்தன. 1997இல் இருவரும் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்கள். அதே ஆண்டில் ஜப்பானிய ஆய்வாளர்கள் அந்த அச்சில் ஒளிரும் ஆக்டின் இழை ஒன்றை ஒட்டவைத்து, அது சுழல்வதை நுண்ணோக்கியில் கண்ணாலேயே பார்த்தார்கள். மாதிரியை முதுகுப்பக்கமாகப் படுக்கவைத்தால் அடியில் உள்ள வளையம் நீர்ச்சக்கரம்போல நிமிர்ந்து நிற்கும். அதன் குழிகளில் ஒரு பக்கமாகக் குண்டுகளை இட்டால், அவற்றின் கனத்திலேயே வளையம் சுழன்று மடல்களையும் அசைக்கிறது. தயாரிப்பாளர் எண்ணியிராத பயன் இது. உண்மையில் ஒரு புரோட்டான் ஏறக்குறைய முழுச்சுற்று சுற்றிய பிறகே மறுபுறம் இறங்கும், இங்கே அரைச்சுற்றில் விழுந்துவிடுகிறது. அதை மட்டும் சொல்லிவிட வேண்டும்.

அந்த வளையத்தில் 12 குழிகள் வைத்திருக்கிறார்கள். மனிதர், மாடு முதலான பாலூட்டிகளில் 8, ஈஸ்ட்டில் 10. ஒரு முழுச்சுற்றுக்கு மூன்று ஏடிபி என்பது மாறாது. ஆகவே வளையத்தின் உறுப்பு எண்ணிக்கைதான் ஓர் ஏடிபிக்கு எத்தனை புரோட்டான் செலவு என்பதைத் தீர்மானிக்கிறது. பாலூட்டிக்கு எட்டை மூன்றால் வகுத்து, பாஸ்பேட்டையும் ஏடிபியையும் சவ்வைக் கடத்த ஆகும் ஒரு புரோட்டானையும் சேர்த்தால் சுமார் 3.7, அதாவது ஏறத்தாழ 4 வருகிறது. பத்துப் புரோட்டான் தரும் ஓர் என்ஏடிஎச்சுக்கு ஏறத்தாழ 2.5 ஏடிபி, முதல் கூட்டமைப்பைத் தவிர்த்து நுழைவதால் ஆறு மட்டுமே தரும் எஃப்ஏடிஎச்2-க்கு 1.5 என்று இன்று கூறுவதன் அடிப்படை இதுவே. ஒரு குளுக்கோஸுக்கு 30 அல்லது 32 என்பதே இப்போதைய கணக்காக இருக்க, பலகையின் மூலையில் ‘38 ஏடிபி’ என்று பொறித்திருப்பது பழைய முழு எண் கணக்கு. தேர்வில் மாணவர்கள் தங்கள் பாடநூலில் உள்ளதையே எழுதட்டும். ஆனால் அந்த எண் எப்படி வந்தது, ஏன் மாறியது என்பதை அறிந்து எழுதட்டும்.

நான்காம் கூட்டமைப்பின் வாயில் ஒரு தாள் துண்டை மடித்துச் செருகினால் என்ன ஆகும் என்பதை ஒவ்வொரு வகுப்பிலும் செய்து காட்டுங்கள். கடைசி மணி நிற்கும், அதற்குப் பின்னால் சைட்டோகுரோம் சி நிற்கும், யுபிகுவினோன் நிற்கும், சங்கிலி முழுவதும் தேங்கிவிடும். சயனைடு செய்வது இதைத்தான். பச்சை மரவள்ளிக்கிழங்கைத் தின்னக் கூடாது என்று பெரியவர்கள் தடுப்பதற்கும் இதற்கும் உள்ள தொடர்பைச் சொன்னால் மறக்கவே மாட்டார்கள்.

தொட்டியில் ஓட்டை விழுந்தால் என்ன ஆகும் என்பதற்கு மாதிரியில் இடமே வைக்கவில்லை. பிறந்த குழந்தையின் பழுப்புக் கொழுப்பில் புரோட்டான்கள் ஏடிபி சின்தேஸ் வழியே வராமல் வேறொரு புரதத்தின் வழியே இறங்க, அந்த ஆற்றல் வெப்பமாகிக் குழந்தையின் உடலைக் காக்கிறது. தாவரவியல் வகுப்புக்கு இன்னும் நெருக்கமானது தாமரை. அதன் பூ தன் வெப்பநிலையைச் சுமார் 30 முதல் 36 டிகிரிக்குள் வைத்துக்கொள்கிறது. மூன்றாம், நான்காம் கூட்டமைப்புகளைத் தவிர்த்து எலக்ட்ரானை நேரே ஆக்ஸிஜனிடம் சேர்க்கும் மாற்று ஆக்ஸிடேஸ் என்னும் நொதிதான் அந்தச் சூட்டைத் தருகிறது. யுபிகுவினோனுக்கு அருகில் ஒரு கிளைக் காடி வெட்டியிருந்தால் போதும், இதையும் காட்டியிருக்கலாம். அதற்கு இடமும் இருக்கிறது.

செய்நேர்த்தி பரவாயில்லை. வண்ணம் உரியவில்லை, கைப்பிடி தளரவில்லை. வெள்ளை உருண்டைகளில் இரண்டு கழன்று வந்ததை ஃபெவிகால் வைத்து ஒட்டிக்கொண்டோம். உடன் தரும் விளக்கத் தாள் ஆங்கிலத்தில் மட்டுமே இருப்பது தமிழ்வழி மாணவர்களுக்கு நியாயமன்று. நான் ஒரு பக்கத்தில் தமிழில் எழுதி, பலகையின் பின்புறம் ஒட்டியிருக்கிறேன். பித்தளை மணிகள் பத்துத்தான் தருகிறார்கள், இரண்டு தொலைந்தன. குறைகளை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனபோது, கடைக்காரர் முதலில், “பெல்ட்டைக் கழட்டிட்டா அது சுத்தாதுங்க மேடம், அப்புறம் யார் வாங்குவாங்க?” என்றார். கடையின் மேசைமேலேயே மாதிரியைப் படுக்கவைத்து, குண்டுகளை இட்டுச் சுழற்றிக் காட்டினேன். அவர் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, உள்ளேயிருந்து ஒரு சிறு பை நிறைய மணிகளைக் கொண்டுவந்து கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டார்.

அறிவியல் பிரிவு உள்ள எந்த மேல்நிலைப் பள்ளிக்கும் இதை வாங்கச் சொல்வேன். ஆனால் வாங்கும்போது பலகையைத் திருப்பி, அடியில் நான்கு திருகாணிகள் இருக்கின்றனவா என்று பாருங்கள். அடிப்பலகையை ஒட்டி மூடிய வகை ஒன்றும் அதே கடையில் 400 ரூபாய் குறைவாகக் கிடைக்கிறது. அதில் பெல்ட்டைக் கழற்ற வழியில்லை.